இங்கு அனைவரும் நலம்

சென்ற ஞாயிறு இரண்டாம் திருப்பலியை முடித்துத் திருவுடைகளைக் களைந்து வைத்துக்கொண்டிருந்தேன். கதவோரம் ஒரு தாயும் மகனும் வந்து நின்றனர். "தோத்திரம் சாமி" என்று கைகூப்பிய அத்தாயின் முகத்தில் மகிழ்ச்சியும் கலக்கமும் ஒருங்கே தெரிந்தன. தந்தை நூற்பாலையில் இரவுப் பணி பார்ப்பவர். மகன் பொறியியல் பட்டம் பெற்றவன். செருமனி நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கு அவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. எரியோட்டைச் சூழ்ந்த ஊர்களில் இத்தகைய செய்தி இப்போது அரிதன்று. ஆயினும் ஒவ்வொரு வீட்டுக்கும் அது முதற்செய்தியே.

"நீங்க அந்தப் பக்கமெல்லாம் இருந்து படிச்சவங்க சாமி. குளிரு, சாப்பாடு எல்லாம் இவன் தாங்குவானா? நீங்க எப்படி இருந்தீங்க?" என்று கேட்டார் அந்தத் தாய்.

"நன்றாக இருந்தேன் அம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இக்கேள்விக்கு இந்த ஒரே விடையைத்தான் நான் சொல்லி வந்திருக்கிறேன். அது முழு உண்மையன்று. அன்று அவர்களிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளை அயல்நாடு அனுப்பும் குடும்பங்களுக்கு இது பயன்படக்கூடும்.

2001-ஆம் ஆண்டு சூலை மாதம் மேற்படிப்புக்காக நான் இத்தாலிக்கு அனுப்பப்பட்டேன். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று. குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வேடசந்தூர்ப் பக்கத்துச் செம்மண் காட்டில் நிலக்கடலையும் சோளமும் விதைத்த குடும்பம் எங்களுடையது. தந்தையார் முன்னரே இறைவனடி சேர்ந்துவிட்டார். தாயும் தங்கையுமே வீட்டில் இருந்தனர். நான் குருவான நாள்முதல் என்னைப் பெற்ற தாய் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவருக்கும் நான் "சாமி"தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னே வரும் செய்திக்கு இது வேண்டும்.

முதல் மூன்று மாதங்கள் பெரூஜா என்னும் மலைநகரில் உள்ள வெளிநாட்டவர் பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழி பயின்றேன். சொந்த ஊரில் ஆயிரம் பேர் முன் மறையுரை ஆற்றியவன் அங்கே ரொட்டிக் கடையில் விரலால் சுட்டிக்காட்டி நின்றேன். என்னினும் பத்து வயது இளைய மாணவர் விரைந்து பேச, நான் வினைச்சொல்லைத் தேடிக்கொண்டிருப்பேன். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று யாரேனும் கேட்டால் "தூத்தோ பேனே" என்று விடை சொல்லப் பழகினேன். எல்லாம் நலம் என்பது அதன் பொருள். அந்நாட்டு மொழியில் நான் தடுமாறாமல் சொன்ன முதற்சொற்றொடர் அதுவே!

அக்டோபரில் உரோமைக்கு வந்தேன். நான் பயின்ற உர்பானியன் பல்கலைக்கழகம் 1627-இல் எட்டாம் உர்பான் திருத்தந்தை தொடங்கிய கல்லூரியிலிருந்து வளர்ந்தது. இன்று அது சனிக்குலம் குன்றின்மேல் நிற்கிறது. ஆப்பிரிக்கர், வியட்நாமியர், கொரியர், இந்தியர் எனப் பல நாட்டவர் ஒரே வகுப்பில் அமர்ந்திருப்போம்.

அந்நாள்களின் ஒழுங்கைக் கேளுங்கள். காலையில் ஒரு சிறு கோப்பைக் காப்பியும் ஒரு துண்டு ரொட்டியும். இட்டிலிக்குப் பழகிய வயிறு பத்து மணிக்கே கூவத் தொடங்கும். நண்பகலில் ஒரு தட்டு நிறையப் பாஸ்தா வரும். முதல் நாள் அதுவே சாப்பாடு என்றெண்ணி இரண்டு முறை வாங்கி உண்டேன். பின்னர் இறைச்சி வந்தது, கீரை வந்தது, பழம் வந்தது. பாஸ்தா வெறும் தொடக்கம் என்பதை அப்போதுதான் அறிந்தேன். சோறு என்று ஒன்று சமைப்பார்கள். அதைப் பல்லில் தட்டுப்படும் பதத்திலேயே இறக்கிவிடுவார்கள். குழைந்தால் அவர்களுக்கு அது குற்றம்.

குளிருக்கும் சட்டம் உண்டு. உரோமையில் கட்டடங்களைச் சூடேற்றும் கருவிகளை நவம்பர் முதல் நாளில் தொடங்கி ஏப்ரல் 15 வரை, நாளொன்றுக்கு 12 மணி நேரமே இயக்கலாம் என்பது அக்கால விதி. அக்டோபர் இறுதியில் குளிர் வந்துவிட்டால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நவம்பரை எதிர்நோக்கியிருப்பதன்றி வேறு வழியில்லை. கால்விரல்கள் சிவந்து வீங்கி அரிக்கும். நம் ஊரில் அறியாத நோய் அது.

எனக்கு ஓயாத வியப்பளித்தது தண்ணீர். உரோமைத் தெருக்களில் வளைந்த மூக்குப் போன்ற குழாயுடைய வார்ப்பிரும்புத் தூண்கள் நிற்கும். 1874 முதல் நிறுவப்பட்டவை. நகரில் ஏறத்தாழ 2,500 உண்டு. குளிர்ந்த குடிநீர் அவற்றில் இரவும் பகலும் ஓடிக்கொண்டேயிருக்கும். மூடும் திருகு கிடையாது. ஒரு குடம் நீருக்காக நம் பெண்கள் நடக்கும் நடையை அறிந்தவனால் அதை எளிதில் கடந்துபோக முடியவில்லை. கை தானாகத் திருகைத் தேடும்.

தேர்வுகள் பெரும்பாலும் வாய்மொழித் தேர்வுகள். பேராசிரியர் முன் தனியே அமர்ந்து பத்து, பதினைந்து நிமிடங்களில் ஓராண்டுப் படிப்பைச் சொல்லவேண்டும். முதல் தேர்வில் கேட்ட கேள்விக்கு விடை என் உள்ளத்தில் தமிழிலும் இருந்தது, ஆங்கிலத்திலும் இருந்தது. நாவில் மட்டும் வரவில்லை. அவர் பொறுமையோடு காத்திருந்துவிட்டு, "அடுத்த முறை வாருங்கள்" என்று கனிவுடன் சொன்னார். தேர்வில் தோற்றேன். அன்று மாலை குன்றின்மேல் நின்று புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தைப் பார்த்தேன். அழுதேன் என்று சொல்ல இன்று எனக்கு வெட்கமில்லை.

இன்பங்களும் இல்லாமல் இல்லை. ஞாயிறு மாலைகளில் தமிழகத்துக் குருக்கள் நால்வர் ஐவர் கூடுவோம். தொடர்வண்டி நிலையத்தருகே எஸ்குயிலினோ சந்தையில் வங்காள தேசத்தார் கடைகளில் மிளகாய்த்தூளும் பருப்பும் கிடைக்கும். ஒருநாள் முருங்கைக்காயைக் கண்டேன். நம் ஊரில் கட்டுக்கட்டாய் ஏற்றி ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அனுப்பும் காய், அங்கே இரண்டிரண்டாய்த் தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. விலையைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டு, தெருமுனைவரை நடந்தவன் மீண்டும் சென்று வாங்கினேன். அன்று வைத்த குழம்பின் மணத்தை இன்றும் மறக்கவில்லை.

அத்தகைய மாலைகளில் தனிநாயக அடிகளாரைப் பற்றிப் பேசிக்கொள்வோம். யாழ்ப்பாணத்துத் தீவில் 1913-இல் பிறந்த அவர், 1934 முதல் 1939 வரை அதே உர்பானியன் கல்லூரியில் பயின்றவர். கார்த்தேசு நகரத் திருச்சபையின் குருக்களைப் பற்றி ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். இலத்தீனும் இத்தாலியமும் கைவந்த அவர் தமிழகம் வந்தபின், தமக்குத் தமிழ் போதிய அளவு தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு வடக்கன்குளத்தில் பள்ளியாசிரியராக இருந்துகொண்டே புலவர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறையாகத் தமிழ் கற்றார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூட வழி வகுத்தவரும் அவரே. "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல அவர் நாணவில்லை. அக்கதையை நான் பலமுறை வியந்து பேசியதுண்டு. ஆனால் என் சொந்த வாழ்வில் அதைக் கைக்கொண்டேனா? இல்லை.

மாதம் இருமுறை தாய்க்கு மடல் எழுதுவேன். மடல்களை வத்திக்கான் அஞ்சலகத்தின் மஞ்சள் நிறப் பெட்டியில் போடுவது உரோமையில் வாழும் நம்மவர் வழக்கம். விரைவில் சேரும் என்ற நம்பிக்கை. என்ன எழுதினேன்? திருத்தந்தையைத் தொலைவிலிருந்து கண்டேன் என்று எழுதினேன். 2002 சனவரி முதல் நாள் லீரா போய் யூரோ நாணயம் வந்ததையும், 1,936 லீராவுக்கு ஒரு யூரோ என்று கடைக்காரர்கள் கணக்கிட்டுத் திணறியதையும் வேடிக்கையாக எழுதினேன். நண்பர் ஒருவரின் நீண்ட மேலங்கியை இரவல் வாங்கி அணிந்து, பேராலயத்தின் முன் நின்று எடுத்த படத்தை அனுப்பினேன். தேர்வில் தோற்றதை எழுதவில்லை. கால்விரல் வீக்கத்தை எழுதவில்லை. இரவில் உறக்கமின்றிக் கிடந்ததை எழுதவில்லை. ஒவ்வொரு மடலும் "இங்கு நான் நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல்" என்றே தொடங்கியது.

தங்கையின் கையெழுத்தில் வந்த விடைகளும் அவ்வாறே இருந்தன. "சாமிக்குத் தோத்திரம். இங்கு அனைவரும் நலம். எங்களைப் பற்றிக் கவலைப்படாமல் படிப்பைக் கவனிக்கவும்." நானும் கவலைப்படவில்லை.

கோடை விடுமுறையில் உரோமை மாணவக் குருக்கள் பலர் செருமனிக்கோ ஆஸ்திரியாவுக்கோ செல்வதுண்டு. அங்குள்ள பங்குத்தந்தையர் ஓய்வுக்குச் செல்லும் நாள்களில் அவர்களுக்குப் பதிலாகத் திருப்பலி நிறைவேற்றுவோம். மக்களுக்கு அது உதவி. எங்களுக்கும் படிப்புச் செலவுக்கு உதவி. 2003 ஆகஸ்டில் நான் பவேரியாவின் ஒரு சிற்றூரில் இருந்தேன். ஐரோப்பா முழுவதும் கடும் வெப்பம் வாட்டிய கோடை அது. முதியோர் பல்லாயிரவர் மாண்டனர். எனக்கோ அந்த வெயில் வேடசந்தூரின் பங்குனி போல் இதமாயிருந்தது!

அவ்வூரில் தனியே வாழ்ந்த ஒரு மூதாட்டிக்கு நற்கருணை கொண்டுசெல்வேன். ஒருநாள் நான் இருக்கும்போதே தொலைபேசி ஒலித்தது. கனடாவில் இருக்கும் மகன். அம்மூதாட்டி முதல்நாள் மயங்கி விழுந்தவர். நெற்றியில் கட்டு இருந்தது. ஆயினும் "அல்லெஸ் கூட், அல்லெஸ் கூட்" என்று சிரித்துச் சொல்லி முடித்தார். எல்லாம் நலமாம்! வைத்தபின் என்னை நோக்கி, "அவன் தொலைவில் இருக்கிறான், அவனால் என்ன செய்ய முடியும்?" என்றார். பரிவோடு தலையசைத்து விடைபெற்றேன். அக்காட்சியில் என் தாயை நான் காணவில்லையே! கண்ணிருந்தும் குருடனாயிருந்தேன்.

அக்கோடையில் செலவுபோக எனக்கு மிஞ்சியது ஓராயிரம் யூரோ. யூரோவுக்கு அன்று ஐம்பது ரூபாய்க்குச் சற்று மேல். வீட்டில் அனைவரும் நலமென்பதால் அப்பணத்தில் ஒரு பழைய கணினியும் நூல்களும் வாங்கினேன்.

உரோமைக்குத் திரும்பிய சில வாரங்களில், செப்டம்பர் 28 அதிகாலையில், சார்தீனியாத் தீவு நீங்கலாக இத்தாலி நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனது. விடுதியில் உடன் தங்கியிருந்த ஐரோப்பியர் செய்வதறியாது திகைத்தனர். நானும் ஆப்பிரிக்க நண்பரும் மெழுகுவத்தியை ஏற்றிவைத்துவிட்டு அமைதியாயிருந்தோம். எங்களுக்கா மின்வெட்டுப் புதிது? இதையும் விரிவாக ஊருக்கு எழுதினேன்.

அக்டோபர் மாதம் முழுவதும் தொலைபேசியில் தாயின் குரல் கிடைக்கவில்லை. ஐந்து யூரோ அட்டை வாங்கி, குறித்த நேரத்தில் ஊர்க் கடைக்குத் தொலைபேசி செய்வேன். தங்கைதான் வருவாள். "அம்மா செபமாலைக்குப் போயிருக்காங்க சாமி" என்பாள். அக்டோபர் செபமாலை மாதமாயிற்றே, மகிழ்ச்சியோடு நம்பினேன். நவம்பர் 10-ஆம் நாள் திருச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து திண்டுக்கல் மறைமாவட்டம் உதயமாயிற்று. திருச்சிக் குருவாகப் புறப்பட்டவன் திண்டுக்கல் குருவாகத் திரும்பவிருந்தேன். அச்செய்தியை நான் தொலைபேசியில் சொன்னபோது தாயின் குரல் மீண்டும் கேட்டது. மெலிந்திருந்தது. "கொஞ்சம் சளி சாமி" என்றார்.

2004 சூன் மாதம் ஊர் திரும்பினேன். தொழுவம் வெறுமையாயிருந்தது. 2002-இலும் அடுத்த ஆண்டிலும் மழை பொய்த்ததில் கிணறு வற்றி, உழவு மாடுகளையும் கறவைப் பசுவையும் விற்றிருந்தனர். என் தாய் கோலூன்றி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். வீட்டுக் கிணறு வற்றியதால் தொலைவிலுள்ள பொதுக்குழாய்க்குப் போய்க் குடத்தோடு திரும்புகையில் செப்டம்பரில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு நாற்பதாயிரம் ஆகும் என்றார்களாம். பணமில்லை. நாட்டுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். எலும்பு கோணலாய்க் கூடிவிட்டது.

நாற்பதாயிரம் ரூபாய்! அதே மாதம் என் மேசைமீது கணினியாக இருந்த பணம் அதைவிட மிகுதி.

"ஏன் எனக்கு எழுதவில்லை?" என்று தங்கையைக் கடிந்தேன். அவள் அழுதாள். தாய் குறுக்கிட்டார்: "அவளைத் திட்டாதீங்க சாமி. நான்தான் எழுத வேணாம்னேன். நீங்க அங்க ராசா மாதிரி இருக்கீங்க, படம் பார்த்தேன். உங்க மனச எதுக்குக் கலைக்கணும்?"

இரவல் மேலங்கியில் நான் அனுப்பிய அந்தப் படம் சுவரில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்தேன். குற்றம் யாருடையது என்று அப்போது விளங்கிற்று. முதலில் மறைத்தவன் நான். மகன் அரசனைப் போல் வாழ்கிறான் என்று நம்பிய தாய், தன் வறுமையைச் சொல்லி அவனைத் தாழ்த்த விரும்பவில்லை. அவர் என்னைச் "சாமி" என்று அழைத்ததும், தோற்றுப்போன மகனாக அவர்முன் நிற்க நான் கூசியதும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. அன்பினால்தான் மறைத்தோம். ஆயினும் அந்த மறைப்பு ஒரு காலைக் கொண்டுபோயிற்று.

அன்றிரவு திண்ணையில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தேர்வில் தோற்றதைச் சொன்னேன். "அடப் போடா! நீயா தோத்துட்ட?" என்று கேட்டுவிட்டுத் தாய் சிரித்தார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு "சாமி" என்று திருத்திக்கொண்டார். அந்த ஒரு "போடா" எனக்கு உரோமையில் பெற்ற பட்டத்தினும் உயர்ந்தது. அதன்பின் ஏழாண்டுகள் அவர் கோலூன்றியே நடந்து, 2011-இல் இறைவனடி சேர்ந்தார்.

இதையெல்லாம் கேட்டுத் தாயும் மகனும் பேசாதிருந்தனர். பின்னர் அவர்களுக்கு நான் சொன்ன அறிவுரை இது.

முதலாவது, கணக்கில் மறைப்பு வேண்டாம். செருமனி செல்லும் மாணவர், தம் ஓராண்டுச் செலவுக்குரிய பணம் உண்டென்று காட்ட, முடக்கிவைத்த வங்கிக் கணக்கில் 11,904 யூரோ செலுத்தவேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் வந்த விதி. நம் பணத்தில் பதினோரு இலட்சத்துக்கும் மேல். மாதம் 992 யூரோ வீதமே அதிலிருந்து எடுக்க முடியும். வாடகையும் மருத்துவக் காப்புறுதியும் போனால் மிஞ்சுவது சிறிதே. அப்பணம் எங்கிருந்து வந்தது, எந்த நிலம் அடமானத்தில் இருக்கிறது, வட்டி எவ்வளவு என்பதை மகன் அறியட்டும். "அதெல்லாம் நாங்க பார்த்துக்குறோம்" என்று பெற்றோர் சொல்லவேண்டாம். மகனும், ஆண்டுக்கு 140 முழு நாள்களே வேலை செய்யலாம் என்ற அந்நாட்டு வரம்பைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லட்டும். முதல் மாதமே பணம் வரும் என்று வீடு காத்திருந்தால், அவன் படிப்பை விட்டுப் பண்டகசாலையில் பொதி சுமப்பான். அல்லது விதியை மீறுவான்.

இரண்டாவது, தாளிலும் மறைப்பு வேண்டாம். அங்கே குடியிருப்பைப் பதிவு செய்யும்போது மதத்தையும் கேட்பார்கள். திருச்சபை வரிக்கு அஞ்சி, "எதுவுமில்லை என்று எழுதிவிடு" எனச் சொல்லும் நண்பர் உண்டு. அவ்வரி, கட்டும் வருமான வரியில் 8 அல்லது 9 விழுக்காடே. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காத மாணவனிடம் பெற ஏதுமில்லை. கத்தோலிக்கன் என்று எழுதுவதால் இழப்பில்லை. கோவிலைத் தேடிச் செல்வதால் துணையும் கிடைக்கும். ஆகஸ்டு மாதத்தில் கெவெலார் அன்னையின் திருத்தலத்தில் ஈழத்தமிழர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். அங்கு தமிழும் கேட்கும், சோறும் கிடைக்கும்.

மூன்றாவது, இதுவே முதன்மையானது. எனக்கு மடல் வாய்த்தது. உங்களுக்கு முகம் பார்த்துப் பேசும் கருவி வாய்த்திருக்கிறது. ஆயினும் அறையின் ஒழுங்கான மூலையை மட்டும் மகன் காட்டலாம். மருந்துச் சீட்டைத் தலையணைக்கடியில் தாய் மறைக்கலாம். ஆகவே ஒரு விதி செய்துகொள்ளுங்கள். ஞாயிறுதோறும் பேசும்போது, அவ்வாரத்தில் நேர்ந்த ஒரு துன்பத்தையேனும் இருபுறமும் சொல்லியாகவேண்டும். சொன்ன துன்பத்துக்கு வழி பிறக்கும். வழி பிறவாவிடினும் செபம் பிறக்கும். சொல்லாத துன்பம் எலும்பைப்போல் கோணலாய்க் கூடிவிடும்.

பரிந்துரைக் கடிதத்தை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். மகன் அதை மடித்துப் பையில் வைத்தான். வாசல்வரை சென்றவன் நின்று, என்னைப் பார்ப்பதுபோல் தாயைப் பார்த்துச் சொன்னான்: "எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல சாமி. ரொம்பப் பயமா இருக்கு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும்தாண்டா" என்றார்.

இருவரும் கோவில் படியில் அமர்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். நான் இடையில் போகவில்லை.

— ஒரு பங்குத்தந்தை, எரியோடு